நத்தாருக்கு முந்திய ஆறு வாரம்: மலையகச் சபைகளில் ஊழியம் செய்கிறவர்கள் தம்மைப் பேணிக்கொள்ளும் முறை

டிசம்பர் 26ஆம் திகதி காய்ச்சலும் தொண்டைக்கட்டுமாகப் படுத்துவிடுகிறவர்கள் எந்தச் சபையிலும் அநேகமாக ஒரே ஆட்கள்தான். ஒளிவிழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்கிய ஞாயிறு பாடசாலை ஆசிரியை, கரோல் குழுவைத் தோட்டத்தின் மேற்பிரிவான மேக்கணக்குக்கும் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்குக்கும் கூட்டிப்போன தம்பி, ஆலயத்தைக் கழுவி அலங்கரித்த அக்காமார், போதகர் வீட்டார், வீட்டில் பலகாரம் சுட்ட அம்மா. இந்த வழிகாட்டி அவர்களுக்கானது. லயத்திலிருந்து கொழுந்துக்குப் போகிறவரும் டவுனில் கடையோ ஒபிஸோ பார்க்கிறவரும் தங்கள் நேரத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

படிகளின் வரிசையைக் குலைக்க வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஜெபத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நவம்பர் கடைசியில் அதிகாலை நாலு மணி ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தூக்கமோ முன்பே ஐந்து மணித்தியாலம்தான். இரண்டாவது வாரத்தில் ஜெபம் நின்றுபோகிறது, கூடவே குற்ற உணர்வும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

இராஜாக்கள் முதலாம் புத்தகம் 19ஆம் அதிகாரத்தில் எலியா சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்டுப் படுத்தபோது நடந்ததன் வரிசையைக் கவனித்துப் பாருங்கள். முதலில் தூக்கம். பிறகு தணலில் சுட்ட அடையும் தண்ணீரும். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. அதற்குப் பிறகுதான் நாற்பது நாள் நடை, ஓரேப் மலை, மெல்லிய சத்தம். தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பயணம் உனக்கு வெகுதூரம் என்று சொல்லிச் சாப்பிட எழுப்பினான். கீழே வரும் படிகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நவம்பர் 13ஆம் திகதியிலிருந்து டிசம்பர் 25 வரை சரியாக ஆறு வாரம். நவம்பர் 13 வரும் வாரத்தில் ஒரு மாலை ஒன்றரை மணித்தியாலத்தை ஒதுக்குங்கள். டிசம்பர் முதலாம் திகதி தொடங்கினால் பிந்திவிடும். அதற்குள் ஒளிவிழாப் பாத்திரங்களும் கரோல் பட்டியலும் முடிவாகியிருக்கும். வெட்ட எதுவும் மிஞ்சாது.

ஒரு பெரிய தாள், நாட்காட்டி, கிளினிக் கொப்பி, கடைசிச் சம்பளச் சிட்டை, நாலு கடித உறை ஆகியவற்றை எடுத்து வையுங்கள். இவற்றோடு ஒரு மனிதரும் வேண்டும். கணவன், மனைவி, அக்கா, சபையில் நம்பிக்கையான ஒருவர், யாராக இருந்தாலும் சரி. எழுதிய தாளை அவரிடம் காட்ட வேண்டும். தனியாக எழுதுகிறவர்கள் வெட்டியதைத் தாங்களே திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

## 2. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுதல்

ஆறு வாரத்தையும் ஏழு நாள் கட்டங்களாகப் போடுங்கள். முதலில் மாற்ற முடியாதவை: வேலை நாட்கள், பத்தாம் திகதிச் சம்பளம், பிள்ளைகளின் பரீட்சை, கிளினிக் நாள், ஞாயிறு ஆராதனை. அடுத்து சபை: திருவருகைக்கால ஞாயிறுகள் நாலு, பாட்டுப் பயிற்சி, ஒளிவிழா ஒத்திகை, கரோல் இரவுகள், சிரமதானம், 24 இரவு, 25 காலை, 31 நள்ளிரவு ஆராதனை. திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் விழும்.

கடைசியாக, யாரும் எழுதாத வேலைகளை எழுதுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தல், திரைச்சீலை துவைத்தல், விறகு சேர்த்தல், துணி எடுக்க டவுனுக்குப் போதல், பலகாரம், கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்குப் படுக்கை, பிள்ளையின் நாடக உடுப்பு. மனிதரைச் சாய்க்கிறவை இவைதான். ஒத்திகை ஒரு மணித்தியாலம் என்று எழுதுகிறவர், போகவர ஆகும் நடையை எழுத மறந்துவிடுகிறார். மலையில் அரை மைல் ஏற்றமே இருபது நிமிடம் எடுக்கும், மழையில் இன்னும் கூடும். நடையையும் சேர்த்தே நேரத்தைப் போடுங்கள்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாரத்திலும் மாலை ஆறு மணிக்குப் பிறகு வீட்டில் இருக்கும் நாட்களை எண்ணுங்கள். ஏழில் மூன்றுக்குக் குறைந்தால் அந்த வாரத்தில் எதையாவது எடுத்தே ஆக வேண்டும்.

## 3. வெட்டுதல்

இந்த வழிகாட்டியில் மிகக் கடினமான படி இதுதான். தாண்டிப் போனால் மற்ற எதுவும் நிற்காது.

ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி போடுங்கள். நான் மட்டும் செய்யக்கூடியது, இன்னொருவர் செய்யக்கூடியது, யாரும் செய்யாவிட்டாலும் நத்தார் வரும் என்கிறது. மூன்றாவது குறி விழுந்தவற்றை அன்றைக்கே அடித்துவிடுங்கள். ஏழு வகைப் பலகாரம், எல்லாத் திரைச்சீலையும், எல்லாப் பிள்ளைக்கும் தனித்தனிப் பரிசு எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் வந்து விழும்.

இரண்டாவது குறிக்குப் பெயர் வேண்டும். “யாராவது செய்வார்கள்” என்று விட்டால் அது டிசம்பர் 20இல் உங்கள் கைக்கே திரும்பி வரும். யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் மோசேயின் மாமனார், நீ செய்வது நல்லதல்ல, இளைத்துப்போவாய் என்று சொன்னதோடு நிற்கவில்லை. ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பதுக்கு, பத்துக்கு என்று ஆட்களை வைக்கவும் சொன்னார். நாடகத்தை ஒருவரிடம் ஒப்படைத்தால், உடுப்பைப் பற்றி அவரை நாளுக்கு இரண்டு முறை கேட்டுத் துளைக்காதீர்கள். கொடுத்தது கொடுத்ததாக இருக்கட்டும்.

மறுப்பதை நேரில், நவம்பரிலேயே, சுருக்கமாகச் சொல்லுங்கள். காரணத்தை நீட்டினால் எதிரே இருப்பவர் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு தீர்வு சொல்வார். போதகரிடம் சொல்வதானால் இப்படி: “ஐயா, இந்த வருசம் ஞாயிறு பாடசாலைய மட்டும் பாத்துக்கிறேன். நாடகத்த எடுக்க முடியாது. இப்பவே சொன்னா வேற ஆள் பாக்க உங்களுக்கு வசதியா இருக்கும்.” கரோல் பொறுப்பாளரிடம்: “அண்ணே, ரெண்டு ராத்திரி வாறேன். அஞ்சு ராத்திரியும் வர ஏலாது.” பங்குத்தந்தையிடமும் இதே அளவு போதும்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை இரண்டு. வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருப்பது ஒன்று. அது குழுவைக் கெடுக்கும், உறவையும் கெடுக்கும். சபை வேலையைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் வீட்டு வேலையை நிரப்புவது மற்றது. வெட்டி எடுத்த மாலையில் தாளில் “வீடு” என்று எழுதிச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். வட்டம் போட்ட நாளுக்கு அழைப்பு வந்தால், அன்று வேலை இருக்கிறது என்று சொல்வது பொய்யாகாது.

சபையை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே ஆளிடம் மூன்று பொறுப்பு இருந்தால், அவர் வாய் திறந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். பொறுப்பில் இருக்கிறவர்தான் முதலில் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

## 4. தூக்கத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுதல்

எழும்பும் நேரத்தை மாற்ற முடியாது. பிள்ளைகளுக்குச் சமைத்து, சின்னவனைப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) விட்டு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போகிற பெண் நாலரைக்கு எழும்பியாக வேண்டும். ஆகவே கணக்கை அங்கிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஏழு மணித்தியாலத் தூக்கத்துக்கு இரவு 9.30க்குக் கண் மூட வேண்டும். அப்படியானால் 9 மணிக்குக் கை கால் கழுவி முடிந்திருக்க வேண்டும், 8.30க்கு வீட்டுக்குள் இருக்க வேண்டும். அரை மணித்தியால நடை உள்ளவருக்குப் பாட்டுப் பயிற்சி 8 மணிக்கு முடிய வேண்டும். எட்டுக்கு முடிவதென்றால் ஆறரைக்குத் தொடங்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் பயிற்சி நடத்துகிறவரிடம் தாளோடு காட்டுங்கள். எட்டரை, ஒன்பது என்று நீள்வதற்குக் காரணம் பெரும்பாலும் பாட்டில் இல்லை. ஆட்கள் வந்து சேரும்வரை காத்திருப்பதில்தான் அரை மணித்தியாலம் போகிறது. வந்தவர்களோடு நேரத்துக்குத் தொடங்கிவிட்டால், இரண்டாவது வாரத்தில் மற்றவர்களும் நேரத்துக்கு வந்துவிடுவார்கள்.

“ஞாயிறு சேர்த்துத் தூங்கிக்கொள்ளலாம்” என்ற கணக்கு டிசம்பரில் பலிக்காது, ஏனென்றால் அந்த ஞாயிறுகள்தான் மிக நெருக்கமானவை. ஒவ்வொரு இரவும் அரை மணித்தியாலம் முன்னே படுப்பது இதைவிட நிச்சயமானது.

கைபேசிக்கும் இங்கே ஒரு முடிவு வேண்டும். சபையின் வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்தரைக்கு “நாளைக்கு யார் யார் வாறீங்க” என்று வருகிற ஒரு கேள்விக்கு முப்பது பதில் வரும். இரவு 8.30க்குப் பிறகு செய்தி போடுவதில்லை என்று குழுவே தீர்மானிப்பது நல்லது. ஒரே காம்பரா உள்ள வீட்டில் கைபேசியைச் சத்தம் அடக்கி, சமையல்கட்டுத் தட்டில் மின்னேற்ற வையுங்கள். காலையில் எழுப்ப ஒரு சின்ன மணிக்கூடு போதும்.

குளிரும் தூக்கத்தைக் கெடுக்கும். காய்ந்த காலுறை போட்டு, தலையைத் துவட்டிவிட்டுப் படுங்கள். ஈரத் துணியைப் படுக்கிற அறையில் காயப்போடாதீர்கள். கரித் தணலைச் சட்டியில் எடுத்துக் கதவை மூடிய அறைக்குள் வைத்துக் குளிர்காயவே கூடாது. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் எழும்பாமலே போகலாம்.

## 5. சாப்பாடு, தண்ணீர், தேத்தண்ணி

மாற்கு 6ஆம் அதிகாரத்தில் வருகிறவர்களும் போகிறவர்களும் அநேகராய் இருந்ததால் சீடர்களுக்குச் சாப்பிடவும் நேரம் இல்லாமல் போனது. இயேசு அவர்களைத் தனியிடத்துக்குக் கூப்பிட்டது அந்த நேரத்தில்தான் (6:31).

பயிற்சிக்குப் போகுமுன் வெறும் தேத்தண்ணியும் பிஸ்கட்டும், திரும்பி வந்து ஒன்பதரைக்குச் சோறு என்பதுதான் டிசம்பர் வழக்கம். இரவு நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிவு, தூக்கமின்மை. இதை மாற்றிப் போடுங்கள். மாலை ஐந்தரைக்கே அவித்த கடலையோ கௌபியோ ஒரு கோப்பை, அல்லது ரொட்டியும் சம்பலும். திரும்பி வந்ததும் சோறு கொஞ்சம், கீரை, பருப்பு. கடலையை முதல் நாள் இரவே ஊறப்போட்டால் காலைச் சமையலோடு அவிந்துவிடும்.

தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடித்தால் உணவில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். இரத்தச்சோகைக்கு இரும்பு மாத்திரை எடுக்கிறவர்கள் அதைத் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது. தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுக்கலாம். மாலை நாலு மணிக்குப் பிறகு சாயத்தண்ணியைக் குறைத்து, பயிற்சி நேரத்தில் கொத்தமல்லித் தண்ணி கொடுத்தால் தொண்டைக்கும் இதம், தூக்கமும் கெடாது.

மலையில் கழிப்பறை இல்லாததால் கொழுந்து எடுக்கிற பெண்கள் பலர் பகல் முழுவதும் தண்ணீரைக் குறைக்கிறார்கள். சரிசெய்ய வேண்டிய குறை தோட்டத்தில் இருக்கிறது. தாங்குவது அவர்களின் உடம்பு. சரியாகும்வரை காலையில் புறப்படுமுன் இரண்டு தம்ளர், பகல் கொழுந்து நிறுவைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தால் இரண்டு, மாலை வந்ததும் இரண்டு என்று பிரித்துக் குடியுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. எரிவு இருந்தால் நத்தார் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் மருந்தெடுங்கள்.

பாடுகிறவர்களுக்கு: தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வு ஆகாது. பேசாமல் இருப்பதுதான் ஓய்வு.

## 6. மருந்தும் கிளினிக்கும்

கிளினிக் கொப்பியை எடுத்து அடுத்த திகதியைப் பாருங்கள். அது 25ஐ ஒட்டியோ போயா நாளிலோ விழுந்தால், முந்திய முறை போகும்போதே மருந்து எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டு, ஜனவரி முதல் வாரம் வரை கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிறஷர் மாத்திரையையும் சீனி மாத்திரையையும் “விருந்து நாளுக்கு மட்டும்” விடுவது நத்தாரில் அடிக்கடி நடக்கும் பிழை. மாத்திரையை விட வேண்டாம், கேக்கைச் சின்னத் துண்டாக்குங்கள்.

மழைக்காலத்தில் கால் முக்கியம். மாலையில் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிடுங்கள். சேற்றுப்புண்ணுக்குக் காரணம் ஈரம் தங்குவதுதான். சீனி வருத்தம் உள்ளவர்கள் அட்டைக் கடியைக்கூடக் கவனிக்க வேண்டும்.

காய்ச்சலோடு கரோலுக்குப் போகாதீர்கள். அளவான பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரைகளை வைத்தியரைக் கேட்காமல் போடக் கூடாது. டெங்குவாக இருந்தால் அஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் விடாவிட்டால் மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை. அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

## 7. காசு

மனச்சுமையில் பாதி இங்கேதான் கிடக்கிறது. வரிசை இதுதான்: முதலில் ஜனவரி, பிறகு டிசம்பர்.

டிசம்பர் பத்தாம் திகதிச் சம்பளம் வந்ததும் முதல் உறையில் ஜனவரி பத்து வரையான அரிசி, மா, மருந்து, பஸ் காசு, பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்து ஆகியவற்றுக்கானதைப் போட்டு ஒட்டிவிடுங்கள். மிஞ்சியது மற்ற மூன்று உறைக்கு: சாப்பாடும் பலகாரமும், உடுப்பு, காணிக்கையும் கொடுப்பதும். காணிக்கைக்குத் தனி உறை இருந்தால், ஆராதனையில் கூச்சத்தால் கூடப் போட்டுவிட்டு வீட்டில் வருந்த வேண்டியிராது.

பண்டிகை முற்பணம் எடுத்தால் எத்தனை மாதம், மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்று தோட்டத்து ஒபிஸில் கேட்டு அந்த உறையின் மேலேயே எழுதுங்கள். முற்பணம் வருமானமல்ல, வரப்போகிற சம்பளத்திலிருந்து முன்கூட்டி எடுத்தது. அதைச் செலவழித்த பிறகு நுண்கடனோ அடகோ சேரும்போதுதான் மார்ச் வரை தூக்கம் போகிறது. டிசம்பரில் புதிதாகக் கைமாற்று எழுதிக்கொடுக்க வேண்டாம்.

பலகாரத்தைக் காலத்தால் பிரித்தால் காசும் உடம்பும் மிஞ்சும். பழங்களும் முந்திரியும் ரவையும் போட்ட நத்தார் கேக் நாள்பட ருசி கூடும். டிசம்பர் முதல் வாரத்திலேயே சுட்டுக் காற்றுப் புகாத டின்னில் வைக்கலாம். பட்டர் கேக்குக்கு மா, பட்டர், சீனி ஒவ்வொன்றும் 500 கிராம், முட்டை 10 என்பது வழக்கமான அளவு. பல வீடுகளுக்கு அதில் பாதியே போதும்: தலா 250 கிராம், முட்டை 5. அதை 22ஆம் திகதி சுடுங்கள். பேக்கரி அடுப்பில் கொடுத்துச் சுடுகிறவர்கள் 23, 24 கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் ஒரு வாரம் முன்பே நாள் பேசிவைக்க வேண்டும். முறுக்கு ஒரு வகை, இனிப்பு ஒரு வகை போதும். பக்கத்து லயத்துக்குக் கொடுக்கிற தட்டில் வகை குறைவதைக் கண்டு யாரும் குறை சொல்லமாட்டார்கள். தீபாவளிக்கு அவர்கள் கொடுத்த தட்டுக்குப் பதில் தட்டு போனால் சரி.

## 8. இப்போது ஜெபம்

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரம் நிலைத்த பிறகு இதைச் சேருங்கள். நாளுக்குப் பத்து நிமிடம். எந்த நேரம் என்பதைவிட எந்த வேலையோடு சேர்த்து என்பதுதான் அதை நிலைக்கச் செய்யும். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் நேரம், பிள்ளைகள் தூங்கியதும் வரும் நேரம், மதியம் சாப்பிட்ட பிறகு, இதில் ஒன்று.

வாசிப்புக்கு லூக்கா முதல் இரண்டு அதிகாரம் பொருத்தமானது. முதலாவதில் 80 வசனம், இரண்டாவதில் 52. நாளுக்கு ஐந்து வசனம் என்றால் 27 நாள் வரும். நவம்பர் 28இல் தொடங்கினால் டிசம்பர் 24 அன்று கடைசி இரண்டு வசனம். ஐந்துக்கு மேல் வாசிக்காதீர்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் பத்து வசனம் வாசித்து ஈடுகட்டவும் வேண்டாம், விட்ட இடத்திலிருந்து ஐந்து. ஈடுகட்டத் தொடங்கினால் அது பாக்கிக் கணக்காகிவிடும். கத்தோலிக்கர்கள் திருப்பலி வாசகத்தையோ டிசம்பர் 16 முதல் 24 வரையான ஒன்பது நாள் நவநாளையோ எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டாம்.

வாசித்ததும் மூன்று நிமிடம் பேசாமல் இருங்கள். பிறகு அன்றைக்கு மனதில் கிடக்கிற ஒன்றை மட்டும் சொல்லி ஜெபியுங்கள். கோபமாக இருந்தால் கோபத்தையே சொல்லலாம். சங்கீதங்களில் பல அப்படித்தான் இருக்கின்றன.

சபையில் மற்றவர்களுக்காகப் பாடம் தயாரிக்கிறவர்கள் அந்தத் தயாரிப்பையே தங்கள் ஜெபமாக எண்ணிவிடுகிறார்கள். அது வேலை. இந்தப் பத்து நிமிடத்தில் யாருக்கும் எதையும் எடுத்துச்செல்லத் தேட வேண்டாம்.

சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், இரத்தச்சோகை உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் உபவாசம் எடுக்கக் கூடாது. அவர்களுக்குத் தொலைக்காட்சியையோ முகநூலையோ ஒரு நாள் விடுவது போதும்.

ஞாயிறு ஊழியம் செய்கிறவருக்கு ஞாயிறு ஓய்வு நாள் ஆகாது. வாரத்தில் வேறொரு அரை நாளை வட்டம் போட்டு வையுங்கள். கிடைக்காவிட்டால் ஞாயிறு மூன்று மணியிலிருந்து எட்டு மணிவரை.

## 9. மழையும் கரோல் இரவும்

நவம்பர், டிசம்பர் மலையகத்துக்கு மழை மாதம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. கரோலுக்குப் புறப்படுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். உங்கள் பிரதேசத்துக்கு எந்த நிறம் இருந்தாலும் அன்றைய சுற்றைத் தள்ளிப்போடுங்கள். மாற்று இரவு ஒன்றை நவம்பரிலேயே தாளில் குறித்து வைத்திருந்தால், தள்ளிப்போட யாருக்கும் மனம் தடுக்காது. சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று கண்டால் எச்சரிக்கைக்குக் காத்திராமல் விலகுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

ஓர் இரவில் தோட்டத்தின் ஒரு கணக்கு (பிரிவு) மட்டும். ஒரு வீட்டில் ஒரு பாட்டு, ஒரு சிறு ஜெபம். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி குடிக்காமல் கடைசி வீட்டில் மட்டும். எட்டு மணிக்குப் பின் சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும். நாலு பேருக்கு ஒரு டோர்ச், ஆளுக்கு ஒரு காய்ந்த காலுறை பைக்குள்.

## 10. துக்கமுள்ள வீடு

அந்த வருடம் யாரையாவது இழந்த வீட்டுக்கு நத்தார் பாரமாக வரும். பண்டிகை வைக்காவிட்டாலும் தவறில்லை, சின்னதாக வைத்தாலும் தவறில்லை. நவம்பரிலேயே வீட்டார் கூடி எது வேண்டும், எது வேண்டாம் என்று பேசிவிடுங்கள். 24ஆம் திகதி மாலையில் முடிவெடுக்கப் போனால் ஒவ்வொருவரும் மற்றவருக்காக நடித்துக் களைத்துப்போவார்கள். கரோல் குழு அந்த வீட்டுக்குள் போகுமுன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

அம்மா வெளிநாட்டில் இருந்தால் பேசும் நேரத்தை முன்பே குறியுங்கள். சவூதி, குவைத், கட்டார் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னே, துபாய் ஒன்றரை. இங்கே காலை பத்து மணி என்றால் குவைத்தில் ஏழரை. அவர் வேலை செய்யும் வீட்டில் அன்றைக்கு விடுமுறை இராது. எந்த நேரம் வசதி என்று அவரிடமே கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது விசுவாசக் குறைவல்ல. அன்றைக்கே 1926க்குத் தொலைபேசுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம். அடி, மிரட்டல் இருக்கும் வீட்டுப் பெண்களுக்கு 1938. ஜெபிக்க வருகிறவரும் இந்த இலக்கங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து அவரே அழைப்பெடுத்துக் கொடுப்பது இன்னும் நல்லது.

## 11. 24, 25

24 மதியம் இரண்டு மணிக்கு மேல் புது வேலை எதையும் தொடங்காதீர்கள். முடியாதது முடியாததாகவே இருக்கட்டும். இரவு ஆராதனைக்குப் போகிறவர்கள் மாலையில் ஒரு மணித்தியாலம் கட்டாயம் படுக்க வேண்டும், பிள்ளைகளும்தான்.

25 சமையலில் சோறோ புரியாணியோ ஒன்று, இறைச்சி ஒன்று, சலாது ஒன்று. வெங்காயம், இஞ்சி, பூண்டு 24 காலையிலேயே உரித்து வைக்கப்பட வேண்டும். உரிப்பது, தேங்காய் துருவுவது, பாத்திரம் கழுவுவது ஆகியவற்றுக்கு ஆண்களின் பெயரையும் பையன்களின் பெயரையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சமைத்தவர் கடைசியாகச் சாப்பிடும் வழக்கத்தை அன்றைக்காவது மாற்றி, எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள்.

## 12. 26இலிருந்து ஜனவரி வரை

26ஐ வெறுமையாக விடுங்கள். விருந்தாளிகளை 27இலிருந்து வரச்சொல்லலாம். 31 நள்ளிரவு ஆராதனைக்கும் 24க்கான மாலைத் தூக்கமே பொருந்தும். தைப்பொங்கல் இரண்டு வாரத்தில் வந்துவிடும். கலப்புக் குடும்பங்கள் முதல் உறையிலிருந்து பொங்கலுக்கும் ஒரு பங்கை முன்கூட்டியே பிரித்திருக்க வேண்டும்.

ஜனவரி முதல் வாரத்தில், அலுப்பு இன்னும் உடம்பில் இருக்கும்போதே, பழைய தாளை எடுங்கள். எந்த வேலை நினைத்ததைவிட நேரம் தின்றது, எதைச் செய்யாமல் விட்டும் யாருக்கும் குறை தெரியவில்லை, எந்த மறுப்பைச் சொல்லத் தவறினீர்கள் என்று சிவப்புப் பேனாவால் ஓரத்தில் குறியுங்கள். தாளைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்தால் நவம்பரில் தேட வேண்டியிராது.